தேவகி அக்காவும் மல்லாக்கக் கிடந்த மவுஸும்

தேவகி அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி மகேந்திரன் ஆபீஸுக்குப் போன் செய்தபோது நான் ஒரு கன்டெய்னர் எண்ணைப் பாதிவரை அடித்திருந்தேன். ரிசீவரை வைத்துவிட்டு மீதி எண்ணையும் அடித்து, ஒருமுறை சரிபார்த்து, அதன் பிறகே எழுந்தேன். இதைக் கல்நெஞ்சம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். "நம்பரைப் பாதியில வுட்டுட்டு எழவு வூட்டுக்குக்கூட எழுந்து போவாத. திரும்பி வர்றதுக்குள்ள அந்த டப்பா வேற ஊருக்குப் போயிருக்கும்" என்பார். டப்பா என்பது அவர் அகராதியில் கன்டெய்னர்.

எங்கள் மேனேஜர் அன்வர் சார் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார். "ஆட்டோ சொல்றேம்மா, திருவொத்தியூருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் சட்டைப் பையில் மூடி போடாத பேனா மை கசிந்துகொண்டிருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவில், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஆபீஸ்களில் இருப்பவர்களுக்கும், பில்லுக்காக எங்கள் மாடிப்படியில் காத்திருந்த லாரி ஓட்டுநர்களுக்கும் தேவகி அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். ஆனால் கடைசி வருடங்களில் அவர் எப்படி வேலை பார்த்தார் என்பதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான்தான் முழுதாகப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கைப்பையிலிருந்து நாவல் ஒன்று எட்டிப் பார்த்தது. அக்கா அதை இழுத்துப் பார்த்தார். "இன்னா இது, இம்மாம் தடி? லஞ்சுல சோறு துன்னுவியா, இத்தத் துன்னுவியா?" என்றார். அன்றிலிருந்து எனக்குப் 'பொஸ்தகம்' என்று பெயர். என் சொந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. திருவொற்றியூர் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்றார். தம்பி விசைப்படகில் போனான். அந்த வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அக்காதான். கப்பலேறும் சரக்குக்குச் சுங்கத்தில் காட்டும் ஏற்றுமதி பில் போடுவதில் அவருக்கு இருந்த வேகம் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லை. இதை அஞ்சலிக்காகச் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய மவுஸ் மக்கர் செய்யத் தொடங்கியது. அப்போது எங்களிடம் இருந்தவை வயிற்றில் ரப்பர் உருண்டை வைத்த சாதாரண மவுஸ்கள். துறைமுகத்துக் கரித்தூள் ஜன்னல் வழியாக வந்து உருண்டையில் ஒட்டும். வாரம் ஒருமுறை கழற்றி, கொண்டை ஊசியால் சுரண்டுவோம். அக்கா தினமும் சுரண்டினார். அப்படியும் திரையில் அம்பு பாதி வழியில் நின்றது. சர்வீஸ் பையன் வந்து புது மவுஸ் மாட்டினான். மறுவாரம் இன்னொன்று மாட்டினான். மூன்றாவது முறை தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேக்கா ஓடுது?" என்றான்.

"உன்னைக் கண்டா பயந்துகினு ஓடுது. நீ படியெறங்குனதும் படுத்துக்குது."

மேசையில் வழவழப்பு போதவில்லை என்று மவுஸ் பேட் வாங்கினோம். ஈரக்காற்று என்றோம். மேசையையே ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டோம். ஒரு நாள் பிற்பகலில் தற்செயலாகத் திரும்பினேன். அக்காவின் வலது கை மவுஸ் மேல் இருந்தது. இடது கையால் அந்த வலது மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "பேஜாராப் போச்சு பொஸ்தகம்" என்றார். அத்தனை மாதங்களும் நாங்கள் கழுவித் துடைத்து மாற்றிக்கொண்டிருந்த பொருளில் எந்தக் கோளாறும் இருந்திருக்கவில்லை.

கையை நகர்த்தாமல் ஓட்டும் மவுஸ் ஒன்று உண்டென்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படம் பார்த்திருந்தேன். உருண்டை அடியில் இல்லாமல் மேலே இருக்கும். ஒரு சனிக்கிழமை அரை நாளில் இருவரும் பர்மா பஜாருக்குப் போனோம். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். சாம்பல் நிறத்தில், கவிழ்த்த உள்ளங்கை போலப் புடைத்திருந்தது. கட்டை விரல் வரும் இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு உருண்டை.

அக்கா குனிந்து பார்த்தார். "இன்னா நைனா, மவுஸு செத்து மல்லாக்க கெடக்குது?"

"சாவலக்கா. படுத்துகினே வேலை செய்யும். கையி ஆட வாணாம், கட்ட வெரல் ஒண்ணு போதும். ஒயரும் கெடயாது. கப்பல்ல வந்த சரக்கு."

"கப்பல்ல வந்துச்சுன்னு என்னாண்டயே சொல்றியா? எந்தக் கப்பலு? எந்த டப்பா? பில்லு நம்பர் சொல்லு, நான் போட்டதான்னு பாக்குறேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். விலையும் இறங்கியது. திரும்பி வரும்போது பெட்டியை என்னிடம் கொடுக்காமல் அக்காவே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வலது கைக்கு அதன் எடை அதிகம் என்று எனக்குத் தெரியும்.

அதை வைத்துக்கொண்டு தினப்படி வேலை பார்ப்பது எப்படியிருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் நாட்களில் அம்பு தொட்டதும் பறந்து மூலைக்குப் போய்விடும். "தொட்டா ஓடுது, ஓடுனா நிக்க மாட்டேங்குது. எங்க மகேந்திரனாட்டம்" என்றார். வேகத்தைக் குறைத்து வைத்தோம். பிறகு பழகியது. கை முழுவதும் அதன் முதுகில் சாய்ந்து கிடக்கும். கட்டை விரல் மட்டும் மெல்ல உருட்டும். தோளுக்கு வேலை இல்லை, முழங்கைக்கு வேலை இல்லை. வாரம் ஒருமுறை உருண்டையைப் பெயர்த்தெடுத்துக் குழிக்குள் ஒட்டிய பிசுக்கைத் துடைத்தால் போதும். பேட்டரி தீரப்போகும்போது அம்பு தயங்கித் தயங்கிப் போகும். அப்போதெல்லாம் அக்காவின் முகம் மாறிவிடும். பேட்டரிதானா, கையா என்று அந்தக் கொஞ்ச நேரம் தெரியாது. பேட்டரியை மாற்றியதும் அம்பு ஓடினால் மூச்சு விடுவார். நானும் விடுவேன்.

வேறு யாருக்கும் அது வசப்படவில்லை. அன்வர் சார் ஒரு நாள் அவசரமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் அதை மேசை முழுதும் இழுத்துக்கொண்டே போனார். "வர மாட்டேங்குதேம்மா?"

"தள்ளாத சார். அது தள்ளுனா போற ஆளு இல்ல."

ஒயர் இல்லாததன் அருமை பிறகுதான் தெரிந்தது. வலது கையை மேசை உயரத்துக்குத் தூக்குவதே முடியாமல் போனபோது, அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டார். கை தொங்குகிற இடத்திலேயே வேலையும் இருந்தது. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா திரையைப் பார்ப்பது போலவும் அம்பு தானாக நகர்வது போலவும் இருக்கும். "அக்கா கண்ணாலயே ஓட்டுதுப்பா" என்று ஒரு லாரி ஓட்டுநர் கீழே போய்ச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

வீட்டில் ஓய்வெடுக்கலாமே என்று நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "வூட்டுல குந்திகினா நாலு பேரு வந்து பாத்து உச்சுக் கொட்டுவாங்க. இங்க குந்திகினா நாலு பேரு வந்து பில்லு கேப்பாங்க. எனக்குக் கேக்கறவங்க போதும்" என்றார். கடைசிவரை அவர் காப்பாற்ற நினைத்தது இதைத்தான். நோய் குணமாக வேண்டும் என்றுகூட அவர் அதிகம் பேசியதில்லை. தன் பில்லைத் தானே போட வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். தன் இரண்டு விரல்களை நீட்டி, "இறுக்கிப் புடிங்க" என்றார். அக்கா பிடித்தார். "புடிங்கம்மா" என்றார் மறுபடியும்.

"அதான் புடிச்சிகினு கீறேனே சார்."

மவுஸால் வந்ததா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். தசைகளுக்குச் செய்தி சொல்லும் நரம்புகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வருகின்றன என்றார். இப்போது வைத்திருக்கும் உருண்டை மவுஸ் நல்லதா என்று கேட்டேன். "நல்லதுதான். சுலபமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சீட்டில் எழுதிக்கொண்டே, "முடியறவரைக்கும்" என்றார்.

அன்று மாலை பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த வியாதியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்குப் படிப்பில் நம்பிக்கை அதிகம். எதையும் தேடிப் படித்தால் ஏதாவது ஒரு வாசல் இருக்கும் என்று நினைப்பவள். மறுநாள் அக்கா, "இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டார்.

"போகப் போக அதிகமாகும்னு போட்டிருக்குக்கா."

"எங்க நிக்கும்னு போட்டுக்கீதா?"

"போடல."

"அப்போ இன்னாத்துக்கு அம்மாம் பெருசா எழுதிக்கிறாங்க?" என்றார்.

அடுத்து கட்டை விரல் தளர்ந்தது. இடது கையால் ஓட்டிப் பார்த்தார். வலது கைக்கென்றே வளைத்துச் செய்த பொருள் அது. இடது கையை வைத்தால் உருண்டை சுண்டு விரல் பக்கம் போய்விடுகிறது. மறுபடி பர்மா பஜாருக்குப் போனோம். அதே கடைக்காரர். இடது கைக்கு ஒன்று இருக்கிறதா என்று கேட்டதும், "லெஃப்டுன்னு தனியா செருப்புதான் வரும்க்கா" என்று சிரித்தார். பிறகு சேலைத் தலைப்புக்குள் தொங்கிய வலது கையைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. எங்களை ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்துக் கடைகளிலெல்லாம் தானே போய் விசாரித்துவிட்டு வந்தார். இல்லை. அந்த டீயை நான்தான் அக்காவின் வாயருகே பிடித்தேன்.

எங்களால் செய்ய முடிந்ததெல்லாம் அடுத்த இடம் எது என்று தேடுவதுதான். தோளிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து கட்டை விரல். நாங்கள் ஒவ்வோர் இடமாக ஒதுங்க ஒதுங்க, அது பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் மேசைக்கடியில் விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தபோது எனக்கு அது தோன்றியது. வலது கையில் கட்டை விரல் எந்தப் பக்கமோ, வலது காலில் பெருவிரலும் அந்தப் பக்கம்தான். உருண்டை மவுஸைத் தரையில் வைத்துக் காலால் உருட்டினால் என்ன? உற்சாகமாகச் சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் பின்வாங்கினேன்.

"ஆயுத பூஜைக்கு இதுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வெச்சி, சூடம் காட்டிக்கீறேன். இது மேல காலை வெக்கச் சொல்றியா?"

"வெறும் பிளாஸ்டிக்குக்கா."

"உனுக்கு பிளாஸ்டிக்கு. எனுக்கு சோறு."

அது உண்மைதான். ஆயுத பூஜை அன்று எங்கள் ஆபீஸில் பூசணிக்காய் உடைப்பதிலிருந்து பொரி பங்கு வைப்பது வரை எல்லாம் அக்காவின் பொறுப்பு. மானிட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. சிவப்பு உருண்டையில் குங்குமம் தெரியாது என்று அதற்கு மட்டும் சந்தனத்தைக் கொஞ்சம் பெரிதாக வைப்பார். அந்தச் சந்தனம் குழிக்குள் இறங்கி இரண்டு நாள் அம்பு திக்கும். திட்டிக்கொண்டே துடைப்பார். மறு வருடமும் அப்படியே வைப்பார்.

ஒரு வாரம் இடது கையோடு போராடினார். அந்தக் கையும் தளர்ந்துகொண்டிருந்தது. விரல்களால் எண்களை அடிக்க முடிந்தது. ஆனால் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து உருண்டைக்கும், உருண்டையிலிருந்து மறுபடி கீபோர்டுக்கும் கொண்டுபோக முடியவில்லை. ஒரு பில் முடிவதற்குள் வியர்த்துவிடும். நான் கை நீட்டினால், "நகரு" என்பார். நகர்ந்துகொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா வாசலில் அரிவாள்மணை முன் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். அக்கா என்னை மாட்டிவிடும் குரலில் அம்மாவிடம் சொன்னார்: "கேளும்மா, உன் பொஸ்தகம் இன்னா சொல்லுதுன்னு. பூஜை போட்ட பொருளைக் காலால மிதிக்கணுமாம்."

அம்மா அரிவதை நிறுத்தவில்லை. "உன் தம்பி படகுக்குப் பூஜை போடறோமா இல்லியா?"

"போடறோம்."

"பொட்டு வெக்கிறோமா?"

"வெக்கிறோம். அதுக்கின்னா?"

"அது மேல காலை வெச்சித்தானடி கடலுக்குப் போறான்? தலைகீழா நின்னுகினா போறான்? காலைக் கழுவிகினு ஏறு. செருப்பு போட்டுக்காத. அம்புட்டுதான்."

அக்கா திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு, "இத்த நீ சொல்லிக்கக் கூடாதா?" என்று என்னை முறைத்தார்.

மறுநாள் காலை ஆபீஸில் அக்காவின் வலது காலைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். உருண்டை மவுஸை மேசைக்கடியில் ஒரு மரப்பலகை மேல் வைத்தோம். கிளிக் செய்வதற்கு மட்டும் ஒரு பழைய மவுஸைக் கீபோர்டோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினோம். இடது விரலுக்கு எட்டியது. கால் வைப்பதற்கு முன் அக்கா நின்றார். தொட்டுக் கும்பிட அவருக்குக் கை வரவில்லை. "எனக்கோசரம் நீ தொட்டு ஒத்திக்கோ" என்றார். குனிந்து உருண்டையைத் தொட்டு என் கண்களில் ஒற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அதுதான் என் முதல் வேலை. நான் கோவிலுக்குப் போகிறவள் இல்லை. ஆனால் அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அன்வர் சார் இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார். மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், "காலால போட்டா பில்லு கோணலா வருமா?" என்று கேட்டார்.

"நேராத்தான் சார் வருது."

"அப்ப போடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை பார்க்கிற விரலுக்கு மரியாதை வேண்டுமென்று அந்தப் பெருவிரலில் மருதாணி வைத்துவிடச் சொன்னார் அக்கா. வைத்தேன். அந்தச் சில மாதங்கள் எங்கள் ஆபீஸில் சிரிப்பு இருந்தது. ஏதோ ஜெயித்துவிட்டதாக எனக்கே தோன்றியது. டாக்டர் சொன்ன 'முடியறவரைக்கும்' என்ற சொல்லை மறந்துபோயிருந்தேன்.

பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. லாரி ஓட்டுநர்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். "டப்பாவாட்டம் ஏத்தி எறக்குறீங்களேடா. சீலு ஒடையாம தூக்குங்க" என்று அவர்களைச் சிரிக்கவைத்தார். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அன்வர் சார் அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை. ஆனால் பில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நான் போட்டேன்.

அத்திப்பட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும் வழியில், வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் திருவொற்றியூரில் ரயிலைவிட்டு இறங்கி அவரைப் பார்க்கப் போவேன். உருண்டை மவுஸைக் கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டால் கட்டி உட்காரவைத்திருப்பார்கள். எதிரே நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர். உருண்டையைக் காலடியில் வைக்கச் சொல்லிவிட்டு, "அந்தச் செவுருதான் ஸ்கிரீனு. எங்க போவுதுன்னு நீ பாத்துச் சொல்லு" என்பார். உருண்டை திரும்பும் திசையைப் பார்த்து நான் சொல்வேன். "மேல போகுதுக்கா. இப்ப பார்ட்டி பேர் கட்டத்து மேல நிக்குது." "கீழ எறக்குறேன், துறைமுகம் வந்துச்சா?" "வந்துருச்சு." இப்படி ஒரு பில்லை முழுதும் போட்டு முடித்த மாலைகள் உண்டு. எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்பது அவருக்கு ஒன்றுகூட மறக்கவில்லை.

முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ஆடலைன்னா ஆடலன்னு சொல்லணும். எனக்கோசரம் பொய் சொன்னே, அப்பறம் வூட்டாண்ட வராத."

நான் கடைசியாகப் போன மாலை, பேச்சு ஏற்கெனவே குழறத் தொடங்கியிருந்தது. அவர் காலை எடுத்து உருண்டைமேல் வைத்தேன். அக்கா சுவரைப் பார்த்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது. வெகு நேரம் கழித்து, "எங்க கீது?" என்றார்.

குனிந்து பார்த்தேன். விரல் உருண்டைமேல்தான் இருந்தது. உருண்டை அசையவில்லை.

"இங்கேயேதான் இருக்குக்கா. நகரல."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். தரையில் கன்னம் படும்படி குனிந்து பார்த்தேன். அம்மா உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"இல்லக்கா."

"சரி" என்றார். "கெளம்பு பொஸ்தகம். வண்டி போயிடும்" என்றார்.

அந்த உருண்டை யாரிடம் இருக்கிறது என்று தெருவில் சிலர் கேட்டார்கள். அவருடைய அம்மாவிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை, அதுதான் சரியும்கூட. என்னிடம் இருப்பது அந்தக் கடைசி மாலையில் அக்கா சொன்ன 'சரி' ஒன்றுதான். அதில் அழுகை இல்லை, என்மேல் கோபமும் இல்லை. பில்லில் ஒரு பிழையை நான் சுட்டிக்காட்டினால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எப்படிச் சொல்வாரோ, அதே தொனி. படித்ததாலோ தேடியதாலோ ஓடியலைந்ததாலோ அவருக்கு என்னால் எதையும் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. அவர் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன்; அவர் வாங்கிக்கொண்டார். அதை மட்டும் வைத்திருக்கிறேன்.